தண்ணீர்த் தொட்டியில் இறங்குகிறவர்கள்

ஜூன் 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நடந்தது நடந்துவிட்டது. என் மகன் கை கழுவாமலே எழுந்து நின்று, "இனிமே இந்த வீட்லயும் சரி, போன்லயும் சரி, பஸ் பேச்சு கூடாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். உங்கள் மகளும் அவன் பக்கம் தலையாட்டினாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். கடிதத்தைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் நகரப் பேருந்துக் கழகத்தின் திட்டப் பிரிவுத் தலைவர். நான் ஊர் எல்லையில் இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரியின் முதல்வர். சம்பந்தி என்ற உறவைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அந்த முதல்வராகவே கேட்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் கல்லூரிக்கு வரும் பஸ்ஸை எதற்காக நிறுத்துகிறீர்கள்?

மாலை வகுப்பு நான் ஆரம்பித்தது. பகலில் துணிக்கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கிற பெண்கள் சாயங்காலம் வந்து படிக்கிறார்கள். பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பஸ் நின்றால் சேர்க்கை விழும். சேர்க்கை விழுந்தால் மாலை வகுப்பை மூடிவிடலாம் என்று எங்கள் நிர்வாகக் குழு எப்போதிலிருந்தோ காத்துக்கொண்டிருக்கிறது. இதை மேசையில் சொல்ல வந்தபோதுதான் நீங்கள், "உங்க காலேஜ்ல யாரும் இறங்கறதே இல்லையே" என்றீர்கள். அதன் பிறகு நான் சொன்னதற்கு வருத்தம் தெரிவிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூன் 9

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வண்டி நிரம்பி வழிகிறது என்றீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் முழுக்கக் கல்லூரிக்கு முந்தின நிறுத்தமான தண்ணீர்த் தொட்டியில் இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஓட்டுநரும் நடத்துநரும்தான் பேசிக்கொண்டே கல்லூரி வரை வருகிறார்கள். திரும்பும்போதும் அதே கதை. கல்லூரியில் ஏறுகிறவர் ஒருவரோ இருவரோ. தொட்டியில் வண்டி நிரம்பிவிடும். டிக்கெட் மிஷின் சொல்வது இது. அதற்கு உங்கள் மேலும் கோபமில்லை, என் மேலும் பாசமில்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் புதுக் குடியிருப்பு வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இறங்குகிறவர்கள் அந்தக் குடியிருப்புக்காரர்கள். ஆகவே மாலையில் வண்டி தொட்டிக்கு முன்னாலேயே மேம்பாலத்தருகே திரும்பி, புதுச் சாலை வழியாகக் குடியிருப்புக்குள் போய்த் திரும்பும். தொட்டிக்கும் வராது, கல்லூரிக்கும் வராது. மாநகராட்சி இந்த வருஷம் எங்களுக்குக் கொடுத்த பணத்தில் கூடுதலாக ஒரு வண்டிகூட ஓட்ட முடியாது. ஊர் நாலு திசையிலும் வளர்கிறது. ஆள் இருக்கிற இடத்துக்குத்தானே வண்டியை அனுப்ப வேண்டும்?

மற்றபடி, மேசையில் நீங்கள் சொன்ன "படம் போடுகிற குமாஸ்தா" என்ற சொல்லை நானும் மறக்க முயற்சி செய்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


ஜூன் 12

சம்பந்தி அவர்களுக்கு,

தினமும் மாலை வகுப்பு முடிந்ததும் அறுபது எழுபது பெண்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போவதை என் கண்ணால் பார்க்கிறேன். அவர்கள் எங்கே போகிறார்கள்? ஆகாயத்திலா? உங்கள் மிஷினுக்குக் கண் இல்லை. எனக்கு இரண்டு இருக்கிறது, கண்ணாடி போட்டாலும்.

மனிதர்களை அனுப்பி எண்ணச் சொல்லுங்கள். அதற்கும் பணம் இல்லை என்றால் எண்ண வருகிறவர்களுக்கு டீ, பிஸ்கட் என் செலவு.

சம்பந்தி


ஜூன் 21

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தாங்கள் கேட்டபடி புதன்கிழமை இருவரை அனுப்பினேன். கல்லூரி நிறுத்தத்தில் அன்று அறுபத்தெட்டுப் பேர் ஏறினார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானே நிதி அதிகாரியின் அறைக்குப் போனேன். "என் கணக்கு தப்பு போலிருக்கு, திட்டத்தைத் திருத்தணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் டிக்கெட் மிஷின் விவரத்தை வரவழைத்தார். செவ்வாய்க்கிழமை கல்லூரியில் ஏறியவர் இருவர். வியாழக்கிழமை ஒருவர். இதைப் படித்துவிட்டு, "உங்க சம்பந்தியம்மா நல்லா டிரில் எடுக்கறாங்க" என்றார். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

எண்ணப் போன இருவரையும் கேட்டேன். உங்கள் அலுவலகப் பியூன் வாசலில் நின்று, "மேடம் சொல்லிட்டாங்க, இன்னிக்கு எல்லாரும் இங்கதான் ஏறணும், வரிசையா நில்லுங்க" என்று சத்தம் போட்டாராம். டீயும் பிஸ்கட்டும் நன்றாக இருந்ததாம்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவர்கூட என் கணக்கைச் சந்தேகப்பட்டதில்லை. உங்கள் பேச்சை நம்பி நான் அந்த அறைக்குப் போனேன். எனக்கு அவமானமாக இருக்கிறது. திட்டம் பழையபடியே குழுவுக்குப் போகிறது. இது பற்றி இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


ஜூன் 24

சம்பந்தி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப்போட உங்களால் முடியாது. வந்த தாளையெல்லாம் தேதி போட்டுக் கோப்பில் வைக்கிற ஆள் நீங்கள்.

ஆமாம், வரிசையில் நிற்கச் சொன்னேன். அன்றைக்கென்று பார்த்துச் சிதறிப் போய்விடக் கூடாதே என்று சொன்னேன். வழக்கமாக அங்கேதான் ஏறுகிறார்கள் என்று நம்பித்தான் சொன்னேன். உங்கள் கடிதம் வந்த பிறகு முழு நாள் உங்கள் மேல் எரிச்சல்பட்டேன். அடுத்த நாள் வகுப்புக்குப் போய் நேரடியாகவே கேட்டேன். "நீங்க எல்லாரும் எங்க பஸ் ஏறுறீங்க?"

துணிக்கடையில் பில் போடுகிற பெண் ஒருத்தி எழுந்தாள். "தொட்டியில மேடம்."

"வாசல்லயே ஸ்டாப் இருக்கு. அவ்வளவு தூரம் எதுக்கு நடக்கறீங்க?"

"தொட்டியோட ஸ்டேஜ் முடிஞ்சிடுது மேடம். காலேஜ்னு சொன்னா அடுத்த ஸ்டேஜ் டிக்கெட் வாங்கணும். போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. மாசம் பூரா பாத்தா ஒரு புக்கு வெலை வந்துடும். பகல் கிளாஸ் பசங்களுக்குப் பாஸ் இருக்கு. நாங்க வேலைக்குப் போறதால ஸ்டூடண்ட் இல்லையாம்."

"புதன்கிழமை மட்டும் எப்படி வாங்கினீங்க?"

"நீங்க சொன்னீங்கல்ல மேடம்" என்றாள். அவ்வளவுதான்.

இது எனக்கு ஏன் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். வாசலுக்கு வெளியே அவர்கள் இடது பக்கம் திரும்புகிறார்கள். நான் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வலது பக்கம் போய்விடுகிறேன்.

ஆக, உங்கள் மிஷின் பொய் சொல்லவில்லை. என் கண்ணும் பொய் சொல்லவில்லை. தொட்டியில் இறங்குகிற உங்கள் குடியிருப்புக்காரர்கள் என் மாணவிகள். அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் நீங்கள் அவர்களிடமிருந்து பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்.

உங்களை அந்த அறையில் தலைகுனிய வைத்ததற்கு வருந்துகிறேன். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

சம்பந்தி


ஜூலை 1

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோப்பில் வைக்கவில்லை. சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறேன், ஆனால் அது பகல் வேளை. அப்போது கட்டடங்களைப் பார்த்து, வீடுகளைக் கணக்குப் போட்டு, வீட்டுக்கு இத்தனை பேர் என்று பெருக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தத் தடவை விளக்கு போடுகிற நேரம் வரை நின்றேன். விளக்கு எரிந்த ஜன்னல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காவலாளி நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். "எல்லாம் வித்தாச்சு சார். குடிதான் வரல. வந்தவங்களும் கார்லதான் போறாங்க" என்றார்.

ஸ்டேஜ் எல்லை தொட்டியில் இருப்பதற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு காலத்தில் ஊர் தொட்டியோடு முடிந்தது. பிறகு ஊர் வளர்ந்தது, எல்லையை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டம். திட்டம் வண்ண வரைபடத்தோடு அச்சாகி எல்லார் மேசையிலும் இருக்கிறது. வருஷக் கடைசியில் எனக்கு வர வேண்டிய பொது மேலாளர் பதவி இந்தத் திட்டத்தை வைத்துத்தான் என்று அலுவலகத்தில் பேச்சு. இதை எதற்காக உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வீட்டில் சொல்லவில்லை.

தங்கள் சம்பந்தி


ஜூலை 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

குழுக் கூட்டம் முடிந்தது. "என் திட்டத்தை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். குழுத் தலைவர், "வரைபடம் அழகா இருந்ததே" என்று வருத்தப்பட்டார்.

பதிலுக்கு நான் கேட்டது, ஸ்டேஜ் எல்லையைத் தொட்டியிலிருந்து கல்லூரிக்கு நகர்த்த வேண்டும், மாலை வண்டி இப்போதுபோலவே கல்லூரி வரை ஓட வேண்டும் என்பது. கட்டணம் குறைந்தால் வருமானம் குறையும் என்றார் நிதி அதிகாரி. இப்போதும் அந்தப் பெண்கள் அந்தக் கூடுதல் கட்டணத்தைக் கொடுக்கவில்லை, நடக்கத்தான் செய்கிறார்கள், இல்லாத வருமானம் எப்படிக் குறையும் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், சிரித்தார்.

முடிவு இது. ஜூலை 15 முதல் ஒரு மாதச் சோதனை. தொட்டிக்கும் கல்லூரிக்கும் ஒரே டிக்கெட். சோதனை முடியும்போது கல்லூரி நிறுத்தத்தில் ஆள் ஏறியிருந்தால் சேவை தொடரும். இல்லையென்றால் மாலை வண்டி வேறு திசைக்குப் போய்விடும்.

ஒரு நிபந்தனை. நீங்களோ, ஆசிரியைகளோ, பியூனோ மாணவிகளிடம் இது பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பயணிகளுக்குத் தெரிவிப்பது கழகத்தின் வேலை. அறிவிப்பு ஒட்டுவோம், அதைப் பார்த்து அவர்களாக வர வேண்டும். அந்தப் புதன்கிழமை வரிசைக்குப் பிறகு இந்த நிபந்தனை இல்லாமல் ஒன்றும் கேட்க எனக்கு வாய் இல்லை. உங்கள் சார்பில் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தங்கள் சம்பந்தி


ஜூலை 27

சம்பந்தி அவர்களுக்கு,

பன்னிரண்டு நாளாக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள். என் மகன், "அம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டான்.

பெண்கள் இன்னமும் தொட்டியில்தான் இறங்குகிறார்கள். நடத்துநரிடம் சில்லறையை நீட்டி, "தொட்டி ஒண்ணு" என்கிறார்கள். பழக்கம். அவரும் கொடுக்கிறார். காலி பஸ் கல்லூரி வாசலுக்கு வந்து, திரும்பி, காலியாகப் போகிறது. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

உங்கள் அறிவிப்பு எங்கே என்று தேடிப் போனேன். அழகாக ஒட்டியிருக்கிறார்கள், நாலு மூலையும் பசை தடவி. ஒட்டிய இடம் கல்லூரி நிழற்குடை. அங்கே யாரும் வருவதில்லை என்பதுதானே இத்தனை நாள் வழக்கு? அதைப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று அதற்குக் கீழே படுத்திருந்த நாய்.

ஒரே ஒரு வாக்கியம் சொல்ல அனுமதி கொடுங்கள். வகுப்பில்கூட வேண்டாம், நடைபாதையில் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். மாலை வகுப்புக்கு அடுத்த வருஷச் சேர்க்கை விண்ணப்பம் கொடுக்கலாமா என்று நிர்வாகக் குழு அடுத்த மாதம் முடிவு செய்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

சம்பந்தி


ஜூலை 30

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கூடாது.

அறிவிப்பை ஒட்டுவது வேறு பிரிவு. தொட்டியிலும் வண்டிக்குள்ளும் ஒட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன். தாள் அச்சகத்திலிருந்து வர வேண்டுமாம். எப்போது வரும் என்று கேட்டால் வரும் என்கிறார்கள்.

நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னாலும் நிதி அதிகாரிக்கு எட்டிவிடும். பிறகு அறுபது பேர் ஏறினாலும் ஆறு பேராகக்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எண்ணிக்கை சுத்தமாக இருந்தால்தான் அது நிற்கும். என் உத்தியோகத்தில் நான் நம்புவது அது ஒன்றைத்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 5

சம்பந்தி அவர்களுக்கு,

ஒரு விசித்திரமான சங்கதி.

திங்கட்கிழமை மாலை பஸ் வந்து நின்றது. வழக்கம்போலக் காலி என்று ஜன்னலை விட்டு நகரப் பார்த்தேன். ஐந்தாறு பேர் இறங்கினார்கள். செவ்வாய்க்கிழமை இருபது பேர். இன்றைக்கு நிழற்குடையில் இடம் போதாமல் வெளியே நின்றார்கள். நாய் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டது.

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. துணிக்கடைப் பெண்ணே அலுவலகத்துக்கு வந்து சொன்னாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு பெரியவர் இவர்களோடு தொட்டியில் இறங்கினாராம். குடை, தோல் பை, முழுக்கை சட்டை. கல்லூரி வரை கூடவே நடந்து வந்தாராம். பாதி வழியில் செருப்பு வார் அறுந்துபோய், அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாராம். வாசலுக்கு வந்ததும், "கல்லூரிக்கும் இப்ப அதே டிக்கெட்தான்மா. எதுக்கு நடக்கறீங்க?" என்றாராம். யார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம்.

"யாரா இருக்கும் மேடம்?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உங்களுக்கு ஏதாவது தெரியுமா? என்னை வாயே திறக்கக் கூடாது என்ற உத்தமர் ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். அவரிடம் விசாரித்துச் சொல்லுங்கள்.

சம்பந்தி


ஆகஸ்ட் 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

விசாரித்தேன். செருப்பு தைத்து வந்துவிட்டது.

சொல்ல வேண்டும் என்று நான் போகவில்லை. என் வரைபடத்தில் தொட்டிக்கும் கல்லூரிக்கும் நடுவே அரை அங்குலம். அதை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். விளக்குக் கம்பம் இல்லை, நடைபாதை இல்லை, லாரி வந்தால் சாக்கடைப் பக்கம் ஒதுங்க வேண்டும். அந்தப் பெண்கள் பேசிக்கொண்டே வேகமாக நடக்கிறார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. எனக்கு முன்னால் போன ஒருத்தி, ஆஸ்பத்திரிச் சீருடையில் இருந்தாள், நடந்துகொண்டே டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். மதியச் சாப்பாடாம். வேலையில் நேரம் கிடைக்கவில்லையாம். லாரி வரும்போதெல்லாம் டப்பாவைக் கையால் மூடிக்கொண்டாள்.

அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா வர முடியவில்லை. எண்ணிக்கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சாப்பிட உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது.

சனிக்கிழமை நிதி அதிகாரியிடம் போய், நானே தலையிட்டுவிட்டேன், சோதனையை ரத்து செய்வதென்றால் செய்துகொள்ளுங்கள், சம்பந்தியம்மா மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இதுவரை பதில் இல்லை. உங்களிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிய கையால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

தங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 18

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நேற்று நிதி அதிகாரி கூப்பிட்டார். என் கடிதம் அவர் மேசையில் இருந்தது. "டிக்கெட் வெலை எவ்வளவுன்னு பயணிகிட்ட சொல்றது தலையீடுன்னா, முதல்ல நம்ம கண்டக்டர் அத்தனை பேரையும் சஸ்பெண்ட் பண்ணணும்" என்றார். அப்புறம் அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டது என்று விசாரித்திருக்கிறார். சிரிக்கவில்லை. கல்வியாண்டு முடியும் வரை மாலை வண்டி கல்லூரிக்கு ஓடும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வருஷத்துக்கு மறுபடி கேட்க வேண்டும். மாலை வகுப்புக்காரர்களுக்கும் மாணவர் பாஸ் கொடுக்கலாமா என்று ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பொது மேலாளர் பதவி வேறொருவருக்குப் போகிறது. வீட்டில் சொல்லிவிட்டேன்.

தங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 22

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை நிர்வாகக் குழுவில் வாசித்துக் காட்டினேன். சேர்க்கை விண்ணப்பம் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பதவி விஷயத்தில் எனக்கு மனது சரியாக இல்லை. இதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வர வேண்டும். பஸ் பேச்சு கிடையாது. அதனால் ஒன்றை மட்டும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் காரை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கினேன். பஸ் வந்து போனது. எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒரு பெண் மட்டும் நிழற்குடையில், உங்கள் அறிவிப்புக்குக் கீழே உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். "உக்காருமா, கிளாஸுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றேன். உட்கார்ந்து மிச்சத்தையும் சாப்பிட்டாள்.

உங்கள் சம்பந்தி